சுவரைப் பார்த்துக் குடை வாங்குங்கள்

போன இதழில், ஸ்டுடியோ லைட் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிந்துவிட்டன. எதைப் பிரித்தாலும் கடைசியில் குடையா, சாஃப்ட்பாக்ஸா என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது. இரண்டும் லைட்டின் வெளிச்சத்தை மென்மையாக்கத்தான்: குடை திறந்து விரிந்த துணி, சாஃப்ட்பாக்ஸ் முன்பக்கம் மட்டும் வெள்ளைத் துணி வைத்து மூடிய பெட்டி. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். லென்ஸ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் வாசகர்: அக்கா, வீட்டு முன்னறையை ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி. 300 வாட் ஸ்டுடியோ ஃப்ளாஷ் ஒன்று வாங்கியாகிவிட்டது. குடையே போதும் என்கிறான் நண்பன். சாஃப்ட்பாக்ஸ் இல்லாமல் போர்ட்ரெய்ட்டே எடுக்க முடியாது என்கிறார் கடைக்காரர். எதை வாங்க? சுவர் இளம்பச்சை.

தம்பி, போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, சுவர் நிறம், உங்கள் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

குடை அறையையும் சேர்த்து வெளிச்சமாக்கும். சாஃப்ட்பாக்ஸ் ஆளை மட்டும் வெளிச்சமாக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். வெளிச்சம் மெதுவாக விழுகிறதா, கடுமையாக விழுகிறதா என்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே அளவுள்ள குடையையும் சாஃப்ட்பாக்ஸையும் ஒரே தூரத்தில் வைத்து எடுத்தால், மூக்கின் நிழல் எங்கே முடிகிறது என்பதில் பெரிய வேறுபாடு தெரியாது. நிழலுக்குள் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள், அங்கேதான் கதை மாறும்.

வெள்ளைக் குடை வழியாக ஃப்ளாஷ் அடித்தால் வெளிச்சத்தில் ஒரு பங்கு துணியைத் தாண்டி ஆள்மேல் விழும். இன்னொரு பங்கு துணியில் பட்டுத் திரும்பி, பின்சுவர், பக்கச்சுவர், கூரை, தரை என்று எல்லாவற்றிலும் மோதி, அந்தந்த நிறத்தைப் பூசிக்கொண்டு ஆளிடம் வந்து சேரும். உங்கள் அறையில் எந்தச் சுவரும் தூரத்தில் இல்லை. லைட் படுகிற கன்னம் சரியான நிறத்தில் இருக்கும். மறுபக்கக் கன்னத்திலும் தாடைக்குக் கீழேயும் பச்சை ஏறியிருக்கும். ஒயிட் பேலன்ஸில் (படம் முழுவதன் நிறத்தையும் ஒருசேர மாற்றுவது) சரிசெய்யலாம் என்று போனால், நிழலில் பச்சை போகும். நன்றாக இருந்த கன்னம் ரோஸ் ஆகிவிடும். ஒரே முகத்தில் இரண்டு நிற வெளிச்சம் இருந்தால் ஒரு பட்டனில் தீராது. ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு முகமாக உட்கார்ந்து தடவ வேண்டியதுதான்.

நம்புவதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். வெள்ளை ஏ4 தாள் ஒன்றைக் கசக்கி, பாதி பிரித்து, ஆள் உட்காரும் ஸ்டூலில் வையுங்கள். நண்பனிடம் குடை வாங்கிப் பொருத்தி ஒரு படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி, தாளின் மடிப்புகளுக்குள் இருக்கிற நிழலைப் பாருங்கள். அது சாம்பல் நிறத்தில் இருந்தால் உங்கள் அறை குடைக்குத் தயார். பச்சையாகத் தெரிந்தால் அந்தப் பச்சைதான் நாளைக்கு வாடிக்கையாளரின் கழுத்தில் இருக்கப்போகிறது.

சொந்த வீடு என்றால் என் முதல் யோசனை சாஃப்ட்பாக்ஸே இல்லை, பெயிண்ட். பளபளப்பில்லாத வெள்ளையோ சாம்பலோ அடியுங்கள். சிலர் கீழ்ப்பாதிச் சுவருக்கு எனாமல் அடிப்பார்கள், துடைக்கச் சுலபம் என்று. ஸ்டுடியோவுக்கு அது ஆகாது, லைட் அப்படியே அதில் தெரியும். வெள்ளை அடித்துவிட்டால் அந்த அறையில் ஒரே ஒரு குடையை வைத்துக்கொண்டே நிறைய வேலை பார்க்கலாம். சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் இரண்டாவது லைட்டின் வேலையைச் சும்மா செய்து கொடுக்கும். குழந்தைப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் அதில் முடிந்துவிடும்.

அப்பா பெயிண்டுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் சாஃப்ட்பாக்ஸ்தான். 60க்கு 90 சென்டிமீட்டர் போதும். வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். உள்ளே இரண்டாவது துணி ஒன்று தனியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்து, ஓரங்கள் மங்கிவிடும். முன்துணி விளிம்பிலிருந்து சில அங்குலமாவது உள்ளடங்கி இருக்க வேண்டும்; அந்த விளிம்புதான் வெளிச்சம் பக்கவாட்டில் போகாமல் தடுக்கிறது. கூடவே கிரிட் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டம் கட்டமாகக் கறுப்புத் துணியில் தைத்திருக்கும், முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். அதைப் போட்டுவிட்டால் உங்கள் பச்சைச் சுவர் படத்தில் தலைகாட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அப்புறம், சாஃப்ட்பாக்ஸை லைட்டில் மாட்டும் வளையம். உங்கள் ஃப்ளாஷில் போவன்ஸ் மவுண்ட் என்கிற பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். போவன்ஸ் கம்பெனி இங்கிலாந்தில் 2017இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர்கள் போட்ட பூட்டு மட்டும் இன்று சீனாவில் தயாராகும் பெரும்பாலான லைட்டுகளில் உயிரோடு இருக்கிறது. அந்த மவுண்ட் என்றால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான சாஃப்ட்பாக்ஸ்கள் மாட்டும். இல்லையென்றால் லைட்டையே கையில் எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. சாஃப்ட்பாக்ஸும் அதன் பின்னால் லைட்டும் சேர்ந்தால் இரண்டரை, மூன்று அடி ஆழம் அடைத்துக்கொள்ளும். பத்தடி அகலத்தில் முழு உருவப் படத்துக்கு ஆசைப்படாதீர்கள். இடுப்புக்கு மேல் எடுங்கள், நன்றாக வரும்.

சாத்தூர் வாசகர்: ரிஃப்ளெக்டிவ் குடைதான் (வெளிச்சத்தை உள்பக்கத்தில் அடித்து ஆள்மேல் திருப்புகிற வகை) வைத்திருக்கிறேன், 43 அங்குலம். என்ன செய்தாலும் வெளிச்சம் கடுமையாகவே இருக்கிறது. குடையே மட்டமோ?

குடை மேல் பழி போடுவதற்கு முன்னால் கம்பியைப் பாருங்கள் தம்பி. குடைக் கம்பி ஃப்ளாஷ் தலையிலோ பிராக்கெட்டிலோ ஒரு துளை வழியாகப் போகிறது இல்லையா, எவ்வளவு தூரம் உள்ளே தள்ளியிருக்கிறீர்கள்? குடை லைட்டை ஒட்டி இருந்தால் வெளிச்சம் துணியின் நடுவில் ஒரு தட்டு அளவுக்குத்தான் விழும். மீதித் துணி சும்மா விரிந்திருக்கும். அதாவது 43 அங்குலக் குடைக்குக் காசு கொடுத்து, 15 அங்குலத்தைப் பயன்படுத்துகிறீர்கள்.

அறை விளக்கை அணைத்துவிட்டு மாடலிங் லேம்பை, அதாவது ஃப்ளாஷ் தலையில் தொடர்ந்து எரிகிற பல்பை, போடுங்கள். திருகைத் தளர்த்தி, குடையை மெதுவாக லைட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போங்கள். துணிமேல் இருக்கும் வட்டம் விரியும். விளிம்பைத் தொடுகிற இடத்தில் நிறுத்தித் திருகை இறுக்குங்கள். அதற்கும் மேலே போனால் வெளிச்சம் குடையைத் தாண்டி வழிந்து பின்சுவரில் விழும், வீண். அந்த இடத்தில் கம்பியில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை பார்க்கவே வேண்டாம்.

கேமராவில் மாட்டும் சின்ன ஃப்ளாஷை வைத்து அடிப்பவர்களுக்கு மாடலிங் லேம்ப் கிடையாது. ஃப்ளாஷ் ஜூமை 24 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள், அல்லது தலைக்குள் மடங்கியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை இழுத்துவிடுங்கள். வெளிச்சம் விரிந்து குடையை நிறைக்கும்.

இன்னொன்று. ரிஃப்ளெக்டிவ் குடையில் லைட்டும் கம்பியும் ஆளுக்கும் குடைக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஓரளவுக்கு மேல் பக்கத்தில் கொண்டுபோக முடியாது, கம்பி கண்ணைக் குத்தும். துணி வழியாக அடிக்கிற வெள்ளைக் குடையை முகத்துக்கு ஒன்றரை அடி வரை கொண்டுபோகலாம். பக்கத்தில் போகப் போக ஆளின் கண்ணுக்கு அது பெரிதாகும், பெரிதானால் நிழல் மென்மையாகும். கடுமை போக வேண்டும் என்றால் உங்களுக்கு வழி அதுதான்.

விழுப்புரம் வாசகி: கறுப்பான பெண்களைப் படம் எடுக்கும்போது நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளை வெள்ளையாக அடிக்கிறது. மற்ற இடம் இருட்டாக இருக்கிறது. லைட்டைக் கூட்டினால் அந்த வெள்ளை இன்னும் கூடுகிறது. என்னிடம் இருப்பது சில்வர் குடை. மாப்பிள்ளை வீட்டார் வேறு, "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள்" என்கிறார்கள்.

நல்ல கேள்வி அம்மா. நம் ஊரில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி, கேட்பதில்லை.

தோல்மேல் விழும் வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒரு பகுதி தோலுக்குள் போய், தோலின் நிறத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்னொரு பகுதி மேலேயே பட்டுத் தெறிக்கிறது, அதுதான் பளபளப்பு. கறுப்புத் தோலில் முதல் பகுதி குறைவு. இரண்டாவது எல்லாத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால்தான் சிவந்த முகத்தில் கலந்து மறைந்துவிடுகிற பளபளப்பு, கறுத்த முகத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. லைட்டைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், வித்தியாசம் அப்படியே இருக்கும்.

அந்தப் பளபளப்பு என்ன தெரியுமா? லைட்டின் பிரதிபலிப்பு. நெற்றியில் தெரிவது உங்கள் சில்வர் குடைதான். குடை எவ்வளவு பிரகாசமோ அந்தப் புள்ளியும் அவ்வளவு பிரகாசம். சரி, இப்போது அதே இடத்தில் பக்கத்துக்கு இரண்டு மடங்கு பெரிய துணியை வையுங்கள், 60 சென்டிமீட்டருக்குப் பதில் 120. பரப்பு நான்கு மடங்கு. முகத்தில் விழும் மொத்த வெளிச்சம் அதேதான். ஆனால் துணியின் ஒவ்வொரு இடமும் முன்பிருந்ததில் நாலில் ஒரு பங்குதான் பிரகாசிக்கும். பளபளப்பு இரண்டு ஸ்டாப் இறங்கும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி), அதே சமயம் அகலமாகவும் விரியும். வெள்ளைப் புள்ளியாக இருந்தது கன்ன எலும்பின் மேல் ஒரு மெல்லிய மினுமினுப்பாக மாறும். கறுத்த முகத்துக்கு வடிவம் கொடுப்பதே அந்த மினுமினுப்புதான். அதை முழுவதும் அழித்துவிடாதீர்கள், முகம் தட்டையாகிவிடும்.

எனவே உங்களுக்குச் சில்வர் குடை வேண்டாம். இரண்டு அடுக்குத் துணி உள்ள 120 சென்டிமீட்டர் ஆக்டா, அதாவது எண்கோண சாஃப்ட்பாக்ஸ் வாங்குங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பெரிய வெள்ளைக் குடை, 60 அங்குலம். நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில், முகத்திலிருந்து நான்கடிக்குள் வையுங்கள். நேரே வைத்தால் பளபளப்பு நெற்றி நடுவில் வந்து உட்காரும். பக்கவாட்டில் வைத்தால் கன்னத்தின் ஓரமாக நகர்ந்துவிடும். பெரிய லைட்டைப் பக்கவாட்டில் வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. காஞ்சிப் பட்டின் ஜரிகை புள்ளிப் புள்ளியாக மின்னாமல், மடிப்பைத் தொடர்ந்து ஒரே ஓட்டமாக ஒளிரும். அம்மாக்கள் ஆல்பத்தைப் பார்த்ததும் முதலில் கேட்பது ஜரிகையைத்தான்.

படம் எடுப்பதற்கு முன் பவுடர் போடச் சொல்லாதீர்கள். முதலில் டிஷ்யூ தாளை நெற்றியிலும் மூக்கிலும் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், தேய்க்கக் கூடாது. வியர்வைமேல் பவுடர் போட்டால் சாம்பல் பூத்துவிடும்.

எக்ஸ்போஷர் விஷயத்தில் கேமரா மீட்டரை நம்ப வேண்டாம். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லும், வெள்ளை வேட்டி நிறைத்தால் குறைக்கச் சொல்லும். கையில் பிடிக்கும் மீட்டர் இருந்தால் முகத்துக்கு முன்னால் லைட்டை நோக்கிப் பிடித்து அளந்துவிடுங்கள். அது விழுகிற வெளிச்சத்தை அளக்கும், ஆள் என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது.

கலராக்கும் விஷயம். நான் செய்வதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் சண்டையும் போடுவதில்லை. முதல் பிரிண்ட்டை அப்படியே போட்டு, அந்தப் பெண்ணை வாசல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, பிரிண்ட்டைப் பக்கத்தில் பிடித்து வீட்டாருக்குக் காட்டுவேன். லைட் சரியாக விழுந்த படத்தைப் பார்த்த பிறகு பெரும்பாலும் அந்தப் பேச்சு எழாது. எழுந்தால், இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். மோசமான லைட்டில் எடுத்துவிட்டு, தப்பைப் பெண்ணின் நிறத்தின் மேல் போடுகிற பழக்கம் நம் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிறது.

தூத்துக்குடி வாசகர்: கடற்கரையில் ப்ரீ-வெட்டிங் ஷூட். குடை ஸ்டாண்டோடு சாய்ந்து ஃப்ளாஷ் மண்ணில் குத்தியது. சாஃப்ட்பாக்ஸ் என்றால் நிற்குமா அக்கா?

நிற்காது அண்ணாச்சி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் துணியை விரித்துப் பிடித்தால் எதுவாக இருந்தாலும் பாய்தான். குடை சீக்கிரம் திரும்பிக்கொள்ளும், சாஃப்ட்பாக்ஸ் கொஞ்சம் தாமதமாக விழும், அவ்வளவுதான் வித்தியாசம். மணல் மூட்டையை ஸ்டாண்டு காலில் கட்டுங்கள். அதோடு ஒரு பையனை ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூட்டை மட்டும் போதாது. நானாக இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் சூரியனை அவர்களுக்குப் பின்னால் வைத்து, முன்னால் ஒரு தெர்மகோல் பிடித்து வேலையை முடித்துவிடுவேன். தெர்மகோலும் பறக்கும்தான், ஆனால் அது உடைந்தால் வயிற்றெரிச்சல் இல்லை.

காரைக்குடி வாசகர்: தாத்தாவின் கண்ணாடியில் குடை அப்படியே தெரிகிறது, கம்பிகளோடு. கழற்றச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

கழற்றச் சொல்லாதீர்கள். ஐம்பது வருடம் கண்ணாடி போட்ட முகத்தில் அதைக் கழற்றினால் வீட்டாருக்கே ஆளை அடையாளம் தெரியாது. மூக்கில் தழும்பு வேறு தெரியும்.

கேரம் போர்டில் காய் பட்டுத் திரும்புகிற கோணம்தான் இங்கேயும். லைட் எந்தக் கோணத்தில் கண்ணாடியில் படுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பும், அந்தப் பாதையில் கேமரா இருந்தால் மாட்டிக்கொள்ளும். லைட்டை உயர்த்துங்கள், தாத்தாவின் தலைக்கு மேலே இரண்டடி வரை. அதுவும் போதவில்லை என்றால் கண்ணாடியின் காதுக் கொக்கியைக் காதிலிருந்து ஒரு விரல் அளவு மேலே தூக்கி வையுங்கள். லென்ஸ் தரையை நோக்கி லேசாகச் சாயும், பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் கொக்கி தூக்கியிருப்பது தெரியாது, முடி மறைத்துக்கொள்ளும். தாத்தாவுக்கு வழுக்கை என்றால் தலையை ஒரு இழை குனியச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் சாஃப்ட்பாக்ஸ் வசதி. அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியும், ஒரு அங்குலம் நகர்த்தினால் கண்ணாடியிலிருந்து வெளியே போய்விடும். குடை விரிந்திருப்பதால் ஒரு பக்கம் தப்பித்தால் இன்னொரு பக்கம் வந்து நிற்கும். துணி வழியாக அடிக்கிற குடை என்றால், பின்னால் திரும்பிய வெளிச்சத்தால் அறைச் சுவரும் பிரகாசித்து, அதுவும் லென்ஸில் வந்து சேரும்.

கண்ணாடி போடாதவர்களுக்கும் ஒரு சொல். கண்மணியில் தெரியும் வெளிச்சப் புள்ளி குடையில் வட்டம், சாதாரண சாஃப்ட்பாக்ஸில் சதுரம், ஆக்டாவில் எண்கோணம், அது தூரத்திலிருந்து வட்டமாகத்தான் தெரியும். எது அழகு என்பது அவரவர் விருப்பம். எனக்குச் சதுரம் பிடிக்கும். திண்ணையில் உட்கார்ந்தவரின் கண்ணில் வாசல் தெரிவது போல இருக்கும். கம்பி தெரியும் வட்டம் மட்டும் வேண்டாம்.

கும்பகோணம் வாசகர்: அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் மூன்று வரிசையாக முப்பது பேர் நிற்கும் குடும்பப் படம் கேட்கிறார்கள். பெரிய சாஃப்ட்பாக்ஸ் வாடகைக்கு எடுக்கட்டுமா?

வேண்டாம். இது குடைக்கான வேலை. முப்பது பேர்மேல் சமமாக விழ வேண்டும் என்றால் விரிந்து போகிற வெளிச்சம்தான் வேண்டும். சாஃப்ட்பாக்ஸை வைத்தால் நடுவில் இருக்கிற தம்பதி பளிச்சென்று, ஓரத்தில் நிற்கிற மாமாக்கள் மங்கலாக வருவார்கள். மாமாக்கள் அதை மறக்க மாட்டார்கள்.

துணி வழியாக அடிக்கும் குடை இங்கே ஆகாது. மண்டபத்தில் கூரை உயரம், சுவர் தூரம்; பின்னால் போன வெளிச்சம் திரும்பி வரவே வராது, ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வீணாகும். ரிஃப்ளெக்டிவ் குடை இரண்டு எடுங்கள், வெளிப்பக்கம் கறுப்புத் துணி வைத்தது. கேமராவுக்கு இருபுறமும், எட்டடி உயரத்தில் வையுங்கள். இடது குடையை வலது ஓரத்தில் நிற்பவர்களைப் பார்த்தும், வலது குடையை இடது ஓரத்தைப் பார்த்தும் திருப்புங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குடையின் ஓர வெளிச்சம், தூரத்தில் இருப்பவர்களுக்கு நடு வெளிச்சம். கணக்கு சரியாகிவிடும்.

லைட்டை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். முன்வரிசை லைட்டிலிருந்து ஐந்தடி, பின்வரிசை பத்தடி என்றால் பின்வரிசைக்கு இரண்டு ஸ்டாப் குறைவு. அதே கூட்டத்தை அப்படியே வைத்து, லைட்டை மட்டும் ஏழடி பின்னால் தள்ளினால் பன்னிரண்டு அடி, பதினேழு அடி. வித்தியாசம் ஒரு ஸ்டாப்தான். குடைகள் மேலே இருப்பதால் முன்வரிசைக்கு இன்னும் கொஞ்சம் குறைத்து, பின்வரிசைக்கு அதிகமாக விழும்படி லேசாக நிமிர்த்தியும் விடலாம். லென்ஸ் துவாரத்தை எஃப் 8இல் வையுங்கள், மூன்று வரிசையும் தெளிவாக இருக்கும். மேடைத் திரையிலிருந்து எல்லோரையும் ஐந்தடியாவது முன்னால் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தலைக்கும் பின்னால் இரண்டு நிழல்.

சங்கரன்கோவில் வாசகர்: கல்லூரி மாணவன். காசு இல்லை. மழைக்குடையை வைத்துச் செய்ய முடியாதா?

கறுப்பு மழைக்குடை உதவாது, வெளிச்சத்தைக் குடித்துவிடும். அதைவிட நல்லது வீட்டிலேயே இருக்கிறது: நாலு முழ வெள்ளை வேட்டி. கரை இல்லாத பகுதியாகப் பார்த்து, இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவில், அதுவும் இல்லையென்றால் கொடிக்கயிற்றில், சுருக்கமில்லாமல் கட்டுங்கள். பின்னால் நாலடி தள்ளி ஃப்ளாஷ். கடையில் கிடைக்கும் பெரும்பாலான சாஃப்ட்பாக்ஸ்களை விட அது பெரிது. நீலம் போட்ட வேட்டி மட்டும் வேண்டாம். வெளிச்சமும் லேசாக நீலம் கட்டும்.

துணியைக் கட்டி வெளிச்சத்தை மென்மையாக்குவது ஏழை வேலை என்று நினைக்க வேண்டாம். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956இல் வந்தது. காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தாவில் செட் போட்டு எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். முற்றத்தில் வானத்திலிருந்து இறங்குகிற வெளிச்சம் அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் நம் ஷூட்டிங்குகளில் லைட்மேன்கள் ஸ்கிம்மர் துணியைச் சட்டத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். வேட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

முதல் சம்பளம் வந்ததும் என்ன வாங்கலாம் என்றால், குடையும் இல்லாமல் சாஃப்ட்பாக்ஸும் இல்லாமல் நடுவில் ஒன்று கிடைக்கிறது. குடை போலவே விரியும், முதுகு கறுப்பு, உள்ளே சில்வர், முன்னால் வெள்ளைத் துணி. அம்ப்ரெல்லா சாஃப்ட்பாக்ஸ் என்று கேளுங்கள். சின்ன ஃப்ளாஷ் வைத்திருக்கிறவர்களுக்கு ரொம்ப ஏற்றது. ஃப்ளாஷ் பின்பக்கம் பார்த்து அடித்து, குழிவில் பட்டுத் திரும்பி முன்துணி வழியாக வருவதால் நடுவில் குவியாது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஈரோடு வாசகி: ஜவுளிக் கடைகளுக்குச் சேலைப் படமும் ரீல்ஸும் சேர்த்து எடுக்கிறேன். ஃப்ளாஷ் வேண்டாம், எல்.இ.டி. வீடியோ லைட் வாங்கலாம் என்றிருக்கிறேன். அதற்குக் குடை போட்டால் போதுமா?

போடலாம், ஆனால் சாஃப்ட்பாக்ஸ் போடுங்கள். ஃப்ளாஷ் கண் இமைப்பதற்குள் மொத்தத்தையும் கொட்டிவிடும், கொஞ்சம் சிந்தினாலும் தாங்கும். எல்.இ.டி.யில் வெளிச்சம் குறைவு, சுவருக்குப் போகிறதையெல்லாம் சேலைக்குத் திருப்ப வேண்டும். அதுவும் இல்லாமல் கடைகளில் டியூப் லைட், மஞ்சள் பல்பு, வண்ண வண்ணமாகச் சேலை அடுக்கு எல்லாம் சுற்றி இருக்கும். குடை அவ்வளவையும் கிளப்பிவிட்டு நிறத்தைக் குழப்பும். மாம்பழ மஞ்சள் என்று சொல்லி விற்கிற சேலை படத்தில் எலுமிச்சையாக வந்தால் திரும்பி வருவது சேலை மட்டும் இல்லை, கடைக்காரரும்தான். கடை விளக்கை அணைக்க விடுவார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு, நூற்றுக்கு) 95க்கு மேல் போட்டிருக்கிற லைட்டாகப் பாருங்கள்.

சாஃப்ட்பாக்ஸுக்குள் லைட்டின் சூடு தேங்கும். எல்.இ.டி. என்றாலும் 100 வாட்டுக்கு மேல் போனால் ஃபேன் ஓடும். பேசி எடுக்கிற ரீல்ஸ் என்றால் வாங்குவதற்கு முன் கடையிலேயே முழு வெளிச்சத்தில் கால் மணி நேரம் எரியவிட்டு, ஃபேன் சத்தம் உங்கள் மைக்கில் விழுகிறதா என்று பதிவு செய்து கேட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டால் மாற்றித் தர மாட்டார்கள்.